17-ஆம் எண் அறையில் கிடந்தவன் சொல்கிறேன்

தம்பி, வேலை கிடைத்துச் சென்னையில் தனி அறை எடுத்துவிட்டாய். சமைக்கத் தெரியுமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. திருவல்லிக்கேணி மேன்சனில் நாலு வருஷம் இருந்து, நாலு தடவை வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன் இந்தப் பெரியப்பா. கேட்டுக்கொள்.

1. கொட்டப் பழகு. கல்யாண வீட்டில் கட்டிக்கொடுத்த பிரியாணியை ராத்திரி முழுக்க அறையில் வைத்திருந்தேன். காலையில் லேசான புளிப்பு வாடை. சுடவைத்தால் சரியாகிவிடும் என்று ஸ்டவ்வில் ஏற்றினேன். சூட்டில் கிருமி சாகும். சில கிருமிகள் சோற்றில் கக்கிவைத்த நஞ்சு சாகாது. மதியத்துக்குள் வாந்தி. ஒரு பொட்டலத்தை எறிய மனம் வராமல் மூன்று நாள் சம்பளத்தை எறிந்தேன்.

2. அவசரப்படாதே. பேதி கண்டால் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். நானோ, கெட்டியாகக் குடித்தால் சீக்கிரம் குணமாகும் என்று முழுப் பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கரைத்து மடக்கென்று குடித்தேன். பேதி இன்னும் கூடியது. அளவு மீறினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் குடி. மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதே. இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை லேசாக எண்ணாதே. 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து வாய்வழியே கொடுத்துத்தான் உயிர்களை மீட்டார்.

3. பேதியை அடைக்க நீயாக மாத்திரை போடாதே. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடவே தொடாதே. வந்த விருந்தாளி கெட்டவன் என்றால் வாசலைப் பூட்டி உள்ளேயா வைத்துக்கொள்வாய்?

4. நாக்கை நம்பாதே. வயிறு தேறுவதற்கு முன்னால் நாக்கு தேறிவிடும். இரண்டாம் நாளே எனக்குப் பரோட்டா கேட்டது, கொடுத்தேன், பழையபடி படுத்தேன். நொய்க்கஞ்சியில் உப்புப் போட்டுக் குடி. பிறகு இட்லி, வாழைப்பழம். பாலும் எண்ணெயும் சில நாள் காத்திருக்கட்டும்.

5. இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். பேதி நின்ற மறுநாள், கவனித்துக்கொண்ட மேன்சன் நண்பர்களுக்கு நன்றிக்கடனாக உப்புமா கிளறினேன். இரண்டு பேரும் படுத்துவிட்டார்கள். என் கையால்தான் என்று அவர்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. பேதி நின்று இரண்டு நாள் முழுசாகக் கழியும்வரை யாருக்கும் சமைக்காதே. கழிப்பறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு.

6. வீம்பு பிடிக்காதே. ஒரு தடவை, அம்மா பயப்படுவாள் என்று யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, எழுந்தால் கண் இருட்டியது. அப்போதும் 'சாயங்காலம் பார்ப்போம்' என்றே இருந்தேன். தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து அறைக்காரர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். குடித்த தண்ணீர்கூட நிற்காவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், காய்ச்சல் 102-ஐத் தாண்டினால், மூன்று நாளாகியும் பேதி நிற்காவிட்டால், உடனே டாக்டரிடம் போ. பக்கத்து அறையில் இருப்பவர் பேரை இன்றைக்கே கேட்டுவை. எனக்கும் போன் பண்ணு. ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.