டிசைன் படிக்கும் பிள்ளைக்கு முதல் கம்ப்யூட்டர்: கொட்டேஷனைப் படிப்பது எப்படி?

 

நம் பிள்ளைகள் கட்டிடக்கலை, உள்அலங்காரம், விஷுவல் கம்யூனிகேஷன் போன்ற படிப்புகளிலும் இப்போது சேர்ந்து வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அதற்கேற்ப நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களும் மாறியிருக்கின்றன. முன்பு கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும்தான் கேட்பார்கள். இப்போது "டிசைன் வேலைக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும்" என்ற மனு அடிக்கடி வருகிறது. கூடவே கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் ஒன்றும் இருக்கும். பெரும்பாலும் தொகை சரியாகவே இருக்கிறது. அந்தத் தொகை போக வேண்டிய பாகத்துக்குப் போகாததுதான் குறை.

பி.ஆர்க் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் மனுவோடு வந்த கொட்டேஷனை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ப்ராசஸர் ஐ9. கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் ஐந்து ஃபேன்களும் உள்ள கேபினெட். ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 500 ஜிபி, கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி. எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் கம்பெனி பெயர்கூட இல்லாமல் "450 வாட்" என்று மட்டும் இருந்தது. இதற்காக உம்மாவின் வளையலை அடகு வைக்கவும் அந்தக் குடும்பம் தயாராக இருந்தது. அதே தொகையில், அந்தப் பிள்ளையின் வேலைக்கு இதைவிடப் பல மடங்கு உதவும் கம்ப்யூட்டரைச் சேர்க்க முடியும்.

முதலில் ஒரு கேள்வி. டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? விடுதியில் தங்கிப் படிப்பவர், தினமும் ஸ்டுடியோ வகுப்புக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோக வேண்டியவர் லேப்டாப்பே வாங்கட்டும். வீட்டிலிருந்து போய் வருபவருக்கு டெஸ்க்டாப் லாபம். லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் கிராபிக்ஸ் கார்டின் பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் லேப்டாப்பில் அதற்குக் கிடைக்கும் மின்சாரம் குறைவு என்பதால் வேகமும் குறையும். பி.ஆர்க் ஐந்து வருடப் படிப்பு என்பதால், நடுவில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியையும் சேர்த்து யோசியுங்கள்.

கடைக்குப் போகும் முன் பிள்ளை தன் கல்லூரி சீனியர்களிடம் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் எந்த மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். பாகங்களை அந்தத் தாளை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் ஆகியவற்றில் வரைவது ஒரு வகை வேலை. வரைந்த கட்டிடத்தை வெயில், நிழல், கண்ணாடி, மரம் எல்லாம் சேர்த்துப் புகைப்படம்போல் ஆக்கும் ரெண்டரிங் இன்னொரு வகை. கம்ப்யூட்டரிடம் இவை கேட்பது வேறு வேறு. வலீமா சமையலில் மசாலாவுக்குப் பதம் பார்ப்பவர் பண்டாரி ஒருவர்தான். அங்கே பத்துப் பேரை நிறுத்தினாலும் வேலை வேகமாகாது. வெங்காயம் உரிக்கவோ பத்துப் பேர் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும். வரைவது பண்டாரி வேலை, ரெண்டரிங் வெங்காய வேலை.

ப்ராசஸருக்குள் "கோர்" என்று சொல்லப்படுபவையே அந்த ஆட்கள். வரையும் நேரத்தில் பெரும்பாலும் ஒரே கோர்தான் பாடுபடுகிறது. அதனால் ஒரு கோரின் வேகம் நன்றாக உள்ள நடுத்தர ப்ராசஸரே போதும். இன்டெல்லில் ஐ5-14400, ஏஎம்டியில் ரைசன் 5 7600 அந்த வகை. ஐ9-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் மாணவரின் வரைபடத்தில் தெரியாது. "ஐ7" என்ற சொல்லை மட்டும் பார்த்தும் மயங்காதீர்கள். 2013-ல் வந்த நான்காம் தலைமுறை ஐ7-ஐவிட 2022-ல் வந்த ஐ3-12100 வேகமானது. அந்தப் பழைய ப்ராசஸர்களுக்கு விண்டோஸ் 11-ன் ஆதரவும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. சந்தையில் "ஐ7 சிஸ்டம்" ஆச்சரியமான விலைக்குக் கிடைக்கிறதென்றால் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள்.

இப்படி ப்ராசஸரில் மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். என்ஸ்கேப், லூமியன் போன்றவை இந்தக் கார்டின் பலத்தில்தான் ஓடுகின்றன. பிளெண்டரும் விரேயும் கார்டைக் கொண்டு ரெண்டர் செய்யக்கூடியவை. இங்கே பார்க்க வேண்டியது கார்டின் சொந்த நினைவகம், அதாவது விரேம். காட்சி முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை தவழும், அல்லது பாதியில் நின்றுவிடும். 4 ஜிபி கார்டு முதல் வருட ஓவியங்களுக்குச் சரி. நான்காம் வருடம் ஒரு முழு வளாகத்தை மரம், மனிதர், வாகனத்தோடு ரெண்டர் செய்யும்போது தாங்காது. குறைந்தது 8 ஜிபி, முடிந்தால் 12 அல்லது 16 ஜிபி பாருங்கள். புதியது என்பதாலேயே சிறந்தது என்றும் சொல்ல முடியாது. 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி உள்ள வகை இருக்கிறது. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 அதைவிட வேகமானது என்றாலும் அதில் 8 ஜிபிதான். பெரிய காட்சிகளுக்குப் பழையதே கைகொடுக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. விரேயின் கிராபிக்ஸ் கார்டு வழி ரெண்டரிங் பெரும்பாலும் என்விடியா கார்டுகளை நம்பியிருப்பதால், டிசைன் மாணவர் என்விடியா வாங்குவதே பாதுகாப்பு.

ரேம் 32 ஜிபி வேண்டும். ரெவிட்டுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனமே 16 ஜிபியை ஆரம்ப நிலையாகத்தான் சொல்கிறது. ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் நாம் எந்த விலையையும் அச்சிடவில்லை. இன்று 16 ஜிபிதான் முடியும் என்றால் எட்டு எட்டாக இரண்டு வாங்காமல் 16 ஜிபி குச்சி ஒன்றாக வாங்குங்கள். இரண்டு குச்சிகள் ஜோடியாக இருக்கும்போது கிடைக்கும் வேகம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அடுத்த வருடம் அதே கம்பெனியில் அதே மாடலில் இன்னொன்று செருகினால் போதும், முதலில் வாங்கியது வீணாகாது.

எஸ்எஸ்டி என்விஎம்இ வகையில் 1 டிபி. அதோடு பிராஜெக்டுகளை நகலெடுத்து வைக்க ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். ஐந்து வருட உழைப்பை ஒரே இடத்தில் வைப்பது சரியல்ல.

ரேமையும் எஸ்எஸ்டியையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மதர்போர்டு அப்படியல்ல, அதை மாற்றுவது கம்ப்யூட்டரை முழுவதும் பிரித்துக் கட்டும் வேலை. ஆகவே நான்கு ரேம் இடமும் எஸ்எஸ்டிக்கு இரண்டு எம்.2 இடமும் உள்ளதாக வாங்குங்கள். ரைசன் 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது ஆதரிப்போம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் 14-ம் தலைமுறை உட்காரும் சாக்கெட்டுக்கு அடுத்த தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பொருந்தாது. இரண்டும் விலையில் நெருங்கி வந்தால் நாம் முதலாவதையே சொல்வோம்.

இனி எஸ்எம்பிஎஸ். கொட்டேஷனில் கடைசி வரியாக வரும் இதில்தான் கைவைத்து விலையைக் குறைப்பார்கள். எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் பெட்டி இது. மட்டமானது கெடும்போது தான் மட்டும் போகாமல் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம். நாம் சொன்ன ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது 4060 கார்டும் முழு வேலையில் இருந்தாலும் மொத்தம் 350 வாட்டுக்குள் அடங்கிவிடும். எனவே பெயருள்ள கம்பெனியின் 550 அல்லது 650 வாட், பெட்டியில் "80 பிளஸ் பிரான்ஸ்" முத்திரை, ஐந்து வருட வாரண்டி உள்ளது போதும். 1000 வாட் தேவையில்லை. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கவே வேண்டாம்.

யுபிஎஸ்ஸிலும் ஒரு கணக்கு உண்டு. 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ரெண்டரிங் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்தால் அது விளிம்பில் நிற்கும், மின்சாரம் போன நொடியில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடலாம். 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள். நம் மஹல்லாவின் பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்கு எர்த் இணைப்பே இல்லாத பிளக்குகள் இன்னும் இருக்கின்றன. கம்ப்யூட்டர் வரும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் பார்த்துவிடுங்கள். அந்தச் சில நூறு ரூபாய் பொருளுக்கு மட்டுமல்ல, பிள்ளையின் உயிருக்கும் பாதுகாப்பு.

மானிட்டரில் ஐபிஎஸ் பேனல் என்று எழுதியிருக்கிறதா, எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரையில் பார்த்த நிறம் ஒன்று, அச்சில் வந்த நிறம் ஒன்று என்று ஆகிவிடும். 24 அங்குலம் போதுமானது. கேபினெட் காற்றோட்டமாக, முன்பக்கம் வலை வைத்ததாக இருக்கட்டும். வண்ண விளக்கு வரைபடத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. பிள்ளைகளின் ஆசை நமக்கும் புரிகிறது. அது அவர்கள் சம்பாதிக்கும் நாளுக்கு இருக்கட்டும்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, சென்னை ரிச்சி தெருவானாலும் நம் ஊர்க் கடையானாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். "பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள். அது வரி ஏய்ப்பு. மேலும் வாரண்டி கேட்டுப் போகும் நாளில் கையில் எதுவும் இருக்காது. பில்லில் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். ப்ராசஸர் சீல் வைத்த பெட்டியில் வருகிறதா என்றும் பாருங்கள். பெட்டியில்லாத "ட்ரே" ப்ராசஸருக்குக் கம்பெனியின் நேரடி வாரண்டி கிடைப்பதில்லை.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டு அந்த ஈரத் தானியம் போன்றது, மேலே துடைத்தால் புதிதாகவே தெரியும். பில்லும் மீதி வாரண்டியும் இருந்து, கண்முன் அரை மணி நேரம் ரெண்டர் ஓட்டிக் காட்டினால் யோசிக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸையும் எஸ்எஸ்டியையும் பழையதாக வாங்க வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். "நோ காஸ்ட் இஎம்ஐ" என்ற பெயரைப் பார்த்து வட்டியில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். பொதுவாக அதில் வங்கி வட்டி போடுகிறது, விற்பவர் அதே அளவு தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தால் வட்டி என்ற வரியும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கும். இதன் சட்டத்தை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் இந்த விவரத்தோடு கேட்டுத் தெளிவு பெறுங்கள். நகையை வட்டிக்கு அடகு வைக்கும் முன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கர்ளன் ஹஸனா எனும் அழகிய கடன் இதற்காகவே இருக்கிறது. அது மற்றச் சகோதரர்கள் கொடுத்த அமானத் என்பதால்தான் கொட்டேஷனை வரிவரியாகப் பார்க்கிறோம்.

மென்பொருளுக்கும் இதே கவனம் வேண்டும். "எல்லாம் போட்டுத் தருகிறோம்" என்று கடையில் ஏற்றும் திருட்டு நகல்களோடு வைரஸும் வரலாம். 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலுரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை மார்க்கம் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் வரம்பு மீறக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. அந்த நகல்களுக்கு அவசியமும் இல்லை. ஆட்டோகேட், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவற்றை ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. கல்லூரி அடையாளத்தைக் காட்டி வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், சம்பாத்திய வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. பிளெண்டர் எல்லோருக்கும் இலவசம். ரெவிட்டும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் அசல் விண்டோஸின் விலையையும் கொட்டேஷனில் சேர்த்துக் கேளுங்கள்.

மேலே சொன்ன மாணவியின் கொட்டேஷன் இப்படி மாறியது: ஐ9 போய் ரைசன் 5 7600, விளக்குக் கேபினெட் போய்ச் சாதாரண வலைக் கேபினெட், 4 ஜிபி கார்டு போய் 12 ஜிபி, பெயரில்லாத எஸ்எம்பிஎஸ் போய் 650 வாட் பிரான்ஸ், எஸ்எஸ்டி 1 டிபி. ரேம் இப்போதைக்கு 16 ஜிபி ஒரே குச்சி. மொத்தம் முதல் கொட்டேஷனைத் தாண்டவில்லை. வளையலும் உம்மாவின் கையிலேயே இருக்கிறது. வாப்பா மாதத் தவணையில் கடனை அடைத்து வருகிறார், அடுத்த ரேம் அதற்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ்.

இவ்வருடம் மனு கொடுப்பவர்கள் முன்பணம் கட்டும் முன்பே வாருங்கள். இரண்டு கடைகளின் கொட்டேஷன், சீனியர்களிடம் கேட்டு எழுதிய மென்பொருள் பட்டியல், கல்லூரி அடையாள அட்டை நகல் ஆகிய மூன்றையும் கொண்டு வாருங்கள். வாப்பாவோ உம்மாவோ மட்டும் வராமல் பிள்ளையும் கூட வர வேண்டும்.