வெங்கச்சங்கல் சோலார் தகடு ஆவது எப்படி?

நம்ம வடலூருக்குப் பக்கத்துல நெய்வேலியில், 2015-இல் 10 மெகாவாட்டில் தொடங்கி, பிறகு 130 மெகாவாட் சூரிய மின் நிலையமும் அமைத்தார்கள். அந்தத் தகடுகளின் உயிர் சிலிக்கான் என்ற தனிமம். "அது மணல்தானே, கடலூர் பீச்சிலேயே கிடைக்குமே" என்று நினைக்காதீங்க. கடற்கரை மணலில் பல தாதுக்கள் கலந்திருக்கும். இதற்குச் சுத்தமான வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) வேண்டும்.

எவ்வளவு சுத்தம்?
100 கோடி அணுக்களில் ஒன்றுதான் வேற்று அணுவாக இருக்கலாம். 100 கோடி அரிசி என்பது சுமார் 20 டன், அதாவது இரண்டு லாரி லோடு. அதில் ஒரே ஒரு கல்! இதை "ஒன்பது 9 தூய்மை" என்பார்கள்.

செய்முறை
1. வெங்கச்சங்கல்லைக் கரியுடன் மின்வில் உலையில் சுமார் 2000 டிகிரியில் உருக்குவார்கள். கரி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 98 அல்லது 99 சதவீத சிலிக்கான் கிடைக்கும். இது போதாது.
2. அதைப் பொடியாக்கி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவுடன் சுமார் 300 டிகிரியில் வினைபுரியச் செய்வார்கள். டிரைகுளோரோசிலேன் என்ற திரவம் கிடைக்கும்.
3. இது 32 டிகிரியிலேயே கொதிக்கும். நம்ம ஊர் மே மாத வெயிலே போதும்! அதனால் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து அழுக்கைப் பிரிக்கலாம். திடப்பொருளைச் சுத்தம் செய்வது கஷ்டம், திரவம் சுலபம். இதுதான் சூட்சுமம்.
4. அந்த ஆவியை ஹைட்ரஜனுடன் சேர்த்து, 1100 டிகிரியில் சூடாக்கிய மெல்லிய சிலிக்கான் கம்பிகள் மேல் விடுவார்கள். சிலிக்கான் படிந்து படிந்து, சில நாட்களில் கம்பி தடிமனாகிவிடும். இதுவே பாலிசிலிக்கான். இம்முறைக்கு சீமென்ஸ் முறை என்று பெயர்.

தமிழ்நாட்டில் செய்தார்களா?
செய்தார்கள்! 1980-களில் மேட்டூரில் மெட்கெம் சிலிக்கான் நிறுவனம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் தயாரித்தது. மேட்டூரில் ஏற்கெனவே காஸ்டிக் சோடா ஆலை இருந்தது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தும்போது காஸ்டிக் சோடாவோடு குளோரினும் ஹைட்ரஜனும் வரும். மேலே சொன்ன வேலைக்கு இரண்டுமே தேவை. ஆனால் ஆலை சிறியது, மின்சாரச் செலவு பெரியது. உலக விலையோடு போட்டி போட முடியாமல் உற்பத்தி நின்றுபோனது. இன்று உலகப் பாலிசிலிக்கானில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவில் தயாராகிறது. நாம் வாங்குகிறோம்.

ஒரு கணக்கு
ஒரு கிலோ பாலிசிலிக்கான் செய்ய இப்போது சுமார் 50 யூனிட் மின்சாரம் ஆகிறது. பழைய ஆலைகளில் 100 யூனிட்டுக்கும் மேல். ஒரு கிலோவில் சுமார் 400 வாட் தகடு செய்யலாம். தினம் 4 மணி நேரம் நல்ல வெயில் என்றால் 1.6 யூனிட் கிடைக்கும். 50-ஐ 1.6-ஆல் வகுத்தால் 31 நாள். கண்ணாடி, சட்டம் செய்ய ஆகும் மின்சாரம் தனி. ஆனாலும் தகடு 25 வருஷம் உழைக்குமே!

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஒருநாள் தீரும். வெங்கச்சங்கல்லும் வெயிலும் நம்மிடம் இருக்கு. செய்யவும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. மறுபடி செய்யப்போவது யார்? வேதியியல் பாடத்தைக் கஷ்டம்னு ஒதுக்காதீங்க!

யோசியுங்கள்: மூன்றாவது படியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? விடையை எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடவும்.

– பதினோராம் வகுப்பு மாணவர், அறிவியல் மன்றம்