காப்பவருக்கு ஒரு கணக்கு

ஆண்டு மலரில் கணிப்பொறி விளையாட்டைப் பற்றி ஒரு பாடமா எனச் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஆயினும் விகிதம், சதவீதம், நிகழ்தகவு ஆகியவற்றை மதிப்பெண்ணுக்காக மட்டுமே படித்து வந்த எனக்கு, அவற்றின் பயனை உணர்த்தியது ஒரு விளையாட்டேயாகும். அதிலும் அதில் நான் செய்த பிழையே எனக்கு நல்லாசிரியர். அதனைத் தோழியருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் இயல்பு

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்பது 2004-ஆம் ஆண்டு வெளிவந்த இணைய விளையாட்டு. அதன் இரண்டாம் விரிவாக்கமான 'ராத் ஆஃப் தி லிச் கிங்' 2008 நவம்பரில் வந்தது. அதே ஆட்டம் 'கிளாசிக்' என்னும் பெயரில் 2022 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. நான் கூறப்போவது இந்த விரிவாக்கத்தைப் பற்றியே.

இதில் பத்துப் பேரோ இருபத்தைந்து பேரோ ஒன்றுகூடி, 'பாஸ்' எனப்படும் பெரும் பகைவனை எதிர்ப்பர். இதற்கு 'ரெய்டு' என்று பெயர். பகைவனைத் தாக்குவோர் பலர். காயம் ஆற்றுவோர் சிலர், அவர்களே 'ஹீலர்'. பகைவனின் அடிகளைத் தம் மேல் வாங்கிக்கொண்டு மற்றவரைக் காப்போர் ஓரிருவர், அவர்களே 'டேங்க்'. டேங்க் விழுந்தால், அடுத்த அடி மெல்லிய ஆடை அணிந்த ஹீலர் மேல் விழும். பின்னர் ஒருவர்பின் ஒருவராக அனைவரும் வீழ்வர். ஆகவே டேங்க் அணியும் கவசமும் அதில் பதிக்கும் 'ஜெம்' என்னும் கற்களும் அவர் ஒருவரின் சொந்த விருப்பம் அல்ல. ஒன்பது பேரின் மாலைப்பொழுது அவற்றில் அடங்கியுள்ளது.

நான் செய்த பிழை

2022 கிறிஸ்துமஸ் விடுமுறை. நான் அப்போது எட்டாம் வகுப்பு மாணவி. பெரியப்பா மகன் அண்ணன்தான் எனக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தார். என் டேங்க், கேடயம் ஏந்திய ஒரு 'வாரியர்'. அவள் கவசத்தில் 'டிஃபன்ஸ்' தரும் மஞ்சள் கற்கள் ஆறு இருந்தன. ஒவ்வொன்றும் 16 புள்ளி. அவற்றை எடுத்துவிட்டு, 24 'ஸ்டாமினா' தரும் நீலக் கற்கள் ஆறினைப் பதித்தேன். ஸ்டாமினா ஒன்றுக்கு உயிர்ப்புள்ளி 10. ஆகவே 6 × 24 × 10 = 1,440 உயிர்ப்புள்ளிகள் கூடின. எல்லோரும் பார்க்கும் எண் அதுதானே! எனக்கோ பெருமை தாளவில்லை.

அன்று மாலை 'நாக்ஸ்ரமாஸ்' என்னும் கோட்டைக்குப் பத்துப் பேர் சென்றோம். பாஸின் உயிர் ஏறத்தாழ முடியும் தறுவாயில் ஒரே அடியில் நான் விழுந்தேன். அரை நிமிடத்தில் ஒன்பது பேரும் விழுந்தனர். மீண்டும் முயன்றோம், மீண்டும் அவ்வாறே ஆயிற்று. ஹீலராக ஆடிய அக்கா ஒருவர், "என் கை மெதுவாகிவிட்டதோ, மன்னித்துவிடு" என்றார். அவர்மேல் தவறே இல்லை. அண்ணன் என் கவசத்தைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "பேனாவை எடு, கணக்குப் போடலாம்" என்றார்.

முதற் கணக்கு: 540

80-ஆம் லெவலில் உள்ள வீரருக்கு இயல்பாகவே டிஃபன்ஸ் திறன் 400 உண்டு. பாஸ் 83-ஆம் லெவலுக்கு ஒப்பானவன். அவன் அடிகளில் நூற்றுக்கு 5.6 விழுக்காடு இருமடங்கு வலியுடன் விழும். இதற்குக் 'கிரிட்' என்று பெயர். டிஃபன்ஸ் திறன் ஒன்று கூடினால் கிரிட் வாய்ப்பு 0.04 விழுக்காடு குறையும். 5.6-ஐ 0.04-ஆல் வகுத்தால் 140. ஆகவே 400 + 140 = 540 திறன் இருப்பின் பாஸால் கிரிட் அடிக்கவே இயலாது. கவசத்திலிருந்து இதைப் பெற 689 டிஃபன்ஸ் புள்ளிகள் வேண்டும், ஏறத்தாழ 4.92 புள்ளிக்கு ஒரு திறன் என்பது அந்நாளைய விகிதம்.

நான் இழந்தவை 6 × 16 = 96 புள்ளிகள். சரியாக 540-இல் இருந்த நான் 520-க்கு இறங்கினேன். குறை 20 திறன்; 20 × 0.04 = 0.8 விழுக்காடு. "நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே, அண்ணா!" என்றேன். "எத்தனை அடி விழும் என்று எண்ணினாயா?" என்றார் அவர்.

போர் நான்கு நிமிடம் நடக்கிறது. இரண்டு விநாடிக்கு ஓர் அடி என வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 அடிகள். ஓர் அடி கிரிட் ஆகாமலிருக்கும் வாய்ப்பு 0.992. நூற்றிருபது அடிகளும் அவ்வாறே கழியும் வாய்ப்பைக் காண 0.992-ஐ 120 முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.38. அதாவது, போர் முடிவதற்குள் ஒரு கிரிட்டாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 62! கவசத்தைக் கடந்து 12,000 புள்ளி வலிக்கும் அடி கிரிட் ஆனால் 24,000. நான் சேர்த்ததோ 1,440. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, இடருக்கும் பொருந்தும் என அன்று அறிந்தேன்.

கரடி வடிவில் காக்கும் 'ட்ரூயிட்' வீரருக்கு மட்டும் இந்த 540 தேவையில்லை. அவர்தம் தனித்திறன் ஒன்றே கிரிட் வாய்ப்பை நீக்கிவிடும்.

இரண்டாம் கணக்கு: தாங்கும் அளவு

540 நிறைந்த பின் எதை நாடுவது? 'ஆர்மர்' என்னும் கவச எண், உடலில் விழும் அடியின் வலியைக் குறைப்பது. 83-ஆம் லெவல் பகைவனுக்கு எதிரே வாய்பாடு எளிது: ஆர்மரை, ஆர்மரும் 16,635-ம் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஆர்மர் 16,635 எனில் வலி பாதியாகும். 24,953 எனில் வலியில் 60 விழுக்காடு குறையும். எவ்வளவு கூடினும் 75 விழுக்காட்டுக்கு மேல் குறையாது.

30,000 உயிர்ப்புள்ளி உள்ள டேங்க், 50 விழுக்காடு குறைப்பில் 60,000 அளவுள்ள அடிகளைத் தாங்குவார். 60 விழுக்காடு குறைப்பில் 75,000 தாங்குவார். குறைப்பில் கூடியது பத்தே. தாங்கும் அளவிலோ நான்கில் ஒரு பங்கு கூடிவிட்டது. இரண்டாம் நிலையில் உள்ளவர் 24 ஸ்டாமினா கல் ஒன்றைப் பதித்தால் 240 உயிர்ப்புள்ளி, இரண்டரை மடங்காகி 600-க்குச் சமமாகிறது. மந்திரத் தாக்குதலை ஆர்மர் தடுக்காது. ஸ்டாமினா அதற்கும் உதவும். கற்களில் நீலத்தை அனுபவசாலிகள் விரும்பியதன் காரணம் இதுவே.

மூன்றாம் கணக்கு: விலகுதல்

'டாட்ஜ்' என்பது அடியிலிருந்து விலகுதல். 'பேரி' என்பது ஆயுதத்தால் தட்டிவிடுதல். இவை மொத்த வலியைக் குறைத்து ஹீலரின் சுமையைத் தணிப்பவை. ஆனால் உறுதி தருபவை அல்ல. நூற்றுக்கு 40 அடிகளைத் தவிர்ப்பவருக்கு, அடுத்தடுத்து நான்கு அடியும் விழும் வாய்ப்பு 0.6-ஐ நான்கு முறை பெருக்கினால் வரும்: நூற்றுக்கு 13. அரிதில் முயன்று 43 ஆக்கினாலும் அது 10.6 ஆகும், அற்றுப்போகாது. மேலும் இவ்வெண்கள் கூடக்கூட, ஒவ்வொரு புள்ளியின் பயனும் சுருங்கிக்கொண்டே வரும்.

2009 டிசம்பரில் 'ஐஸ்கிரவுன்' கோட்டை திறக்கப்பட்டபோது, அதனுள் எல்லா டேங்க்குகளின் டாட்ஜ் வாய்ப்பிலிருந்தும் 20 விழுக்காட்டினை ஆட்டமே கழித்துவிட்டது. விலகுதலையே நம்பியிருந்தோர் திகைத்தனர். உயிரையும் கவசத்தையும் வளர்த்தவர் அவ்வளவு தடுமாறவில்லை.

கல்லும் நிறமும்

கவசத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என நிறமுள்ள குழிகள் உண்டு. நிறம் பொருந்தக் கற்களைப் பதித்தால் சிறு பரிசு கிட்டும். பச்சைக் கல் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் பொருந்தும். பரிசுக்காக எப்போதும் நிறம் பொருத்த வேண்டுமா? ஒரு மஞ்சள் குழி; பரிசு 6 ஸ்டாமினா என்போம். நீலக் கல் பதித்தால் பரிசின்றி 24 ஸ்டாமினா. 8 டிஃபன்ஸும் 12 ஸ்டாமினாவும் கொண்ட பச்சைக் கல் பதித்தால், பரிசுடன் 18 ஸ்டாமினாவும் 8 டிஃபன்ஸும். 540-க்குக் குறைவாயின் பச்சை. நிறைந்திருப்பின் பெரும்பாலும் நீலம். தலைக்கவசத்துக்குரிய 'மெட்டா' கற்களில், 32 ஸ்டாமினாவுடன் ஆர்மரை 2 விழுக்காடு உயர்த்தும் வைரமே டேங்க்குக்கு ஏற்றது.

எனவே வரிசை இதுதான்: முதலில் 540, அடுத்து உயிரும் கவசமும், அதன் பின்னரே விலகுதல். புதிய கவசம் ஒன்றை அணியும்போதெல்லாம் முதற் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.

2010 அக்டோபரில் டிஃபன்ஸ் என்னும் எண்ணையே ஆட்டத்திலிருந்து நீக்கினர். 2024 மே மாதம் கிளாசிக்கிலும் அடுத்த விரிவாக்கம் வந்து 540 மறைந்தது. எண் மறையினும் கணக்கு மறையவில்லை. எந்த ஆட்டத்திலும் டேங்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என்னை வீழ்த்தக்கூடியது எது? அதை முதலில் அடைத்தேனா?

மறுநாள் ஆறு மஞ்சள் கற்களை மீண்டும் வாங்கிப் பதித்தேன். பழைய கற்களைப் பெயர்த்தால் அவை அழிந்துவிடும். சேர்த்த பொற்காசெல்லாம் அதில் போயிற்று. ஹீலர் அக்காவிடம், "பிழை உங்கள் கையில் இல்லை, என் கல்லில்தான் அக்கா" என்று சொன்னேன். அதைச் சொல்வது கற்களை வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. அன்று மாலை அதே பாஸ் விழுந்தான். என் உயிர்ப்புள்ளி 1,440 குறைவாகவே இருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பத்துப் பேரும் நின்றுகொண்டிருந்தோம்.