32 ஆம்ப் போடலாமா?

சமையலறையில் இண்டக்ஷன் அடுப்பையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் சில நிமிஷத்தில் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. 10 ஆம்பை எடுத்துவிட்டு 32 போட்டால் தொல்லை தீரும் என்கிறார் வயரிங்காரர். இந்த எம்.சி.பி.யைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
– ஒரு வாசகி, தேனி

புண்ணியவான் ஜெர்மனிக்காரர். ஆனால் கதை பிரான்ஸில், தந்தி நிலையத்தில் தொடங்குகிறது. மின்னல் தாக்கித் தந்திக் கருவிகள் பொசுங்காமல் இருக்க, வழியில் ஓரிடத்தில் மட்டும் கம்பியை மெல்லிசாக்கி வைக்கச் சொன்னார் பிரெகே என்பவர். அது 1847. மெல்லிய கம்பி உருகி உயிரை விடும், கருவி பிழைக்கும். ப்யூஸ் என்ற பெயரும் உருகுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். தானாக இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரை எடிசன் 1879-லேயே பேடண்ட் விண்ணப்பத்தில் எழுதினார். வியாபாரம் என்று வந்தபோது அவரும் ப்யூஸைத்தான் மாட்டினார்.

ப்யூஸில் ஒரு வில்லங்கம் உண்டு. வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கி, பழைய வயரில் உருவிய செப்பு இழையை மூன்றாக முறுக்கிக் கட்டாத அப்பா யார்? ‘இனிமே போகவே போகாது’ என்று பெருமை வேறு. அப்புறம் உருகுவதற்கு மிச்சம் இருப்பது சுவருக்குள் ஓடும் வயர்தான்.

1924-ல் மன்ஹைம் நகரத்து ஹ்யூகோ ஸ்டாட்ஸ் இதற்கு முடிவு கட்டினார். தன் கம்பெனியை பிரௌன் போவேரிக்கு விற்றிருந்தவர். பேடண்டும் அவர்கள் பேரில்தான். ஒரே டப்பாவுக்குள் இரண்டு காவலாளிகளை உட்கார வைத்தார். ஒன்று, காந்தச் சுருள்: ஷார்ட் ஆனால் கண் இமைக்கும் முன் தட்டிவிடும். மற்றது, இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை. லோடு கூடினால் சூடாகி மெள்ள வளையும், வளைந்து முடித்ததும் கொக்கி விடுபடும்.

உங்கள் வீட்டில் வேலை செய்வது இந்தப் பட்டைதான். 1800 வாட் அடுப்பு ஏறக்குறைய 8 ஆம்ப், 1500 வாட் கெட்டில் ஆறரை. பத்தின் மேல் பதினாலரை ஏறினால் அது வளையத்தானே செய்யும்? போட்ட நொடியே விழுந்திருந்தால் ஷார்ட் எங்கே என்று தேடச் சொல்லியிருப்பேன்.

எம்.சி.பி. காப்பது வயரை. அடுப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிளக் பாயிண்டுக்கு வழக்கமாக இழுக்கும் ஒன்றரை ஸ்கொயர் வயருக்கு 10 ஆம்ப் சரி. 32 போட்டால், 36 ஆம்ப் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் விழாமல் இருக்கலாம், விதியே அப்படி. அதற்குள் வயரின் தோல் வெந்துவிடும். நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டில் பிளக் பாயிண்ட் தொட்டால் சுட்டது. கழற்றினால், ஸ்க்ரூ லூஸ், வயர் முனை காபிப்பொடி நிறத்தில். லைட்டுக்குப் போகும் வயரிலிருந்து லூப் அடித்திருந்தார்கள்!

பிரிட்டனில் சாக்கெட்டுகளுக்கு 32 போடுகிறார்களே என்று யாராவது சொல்லலாம். போருக்குப் பின் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது, எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸில் கிளம்பிச் சாக்கெட்டுகளைச் சுற்றி அதற்கே திரும்பும் வளைய வயரிங்குக்கு மாறினார்கள். மின்சாரம் இரண்டு பக்கமாகவும் வரும். 1947-ல் வந்த அவர்களுடைய சதுர முள் பிளக்குக்குள்ளேயே ஒரு ப்யூஸும் உண்டு. அவர்கள் கைவிட்ட பழைய உருண்டை முள்ளை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். அதற்குள் ப்யூஸ் கிடையாது. எல்லாப் பாரமும் டி.பி. பாக்ஸின் தலையில்.

ஆகவே வயரிங்காரரிடம் காபி கொடுத்துச் சொல்லுங்கள்: அடுப்புக்கு மட்டும் டி.பி. பாக்ஸிலிருந்து தனியாக ரெண்டரை ஸ்கொயர் வயர், 16 ஆம்ப் பவர் பாயிண்ட், 16 ஆம்ப் ‘சி’ வகை எம்.சி.பி. கெட்டில் பழைய பாயிண்டிலேயே இருக்கட்டும்.

எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காதுதானே?
– வாசகர், அரக்கோணம்

அடிக்கும். ஆளைக் கொல்ல ஒரு ஆம்பில் பத்தில் ஒரு பங்கு போதும். 10 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதற்கு 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். அதன் முகப்பில் ‘டி’ பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள், டக்கென்று விழ வேண்டும். கம்ப்யூட்டரில் யாராவது வேலையாக இருந்தால் முதலில் குரல் கொடுத்துவிடுங்கள்.