மலைக்கும் ஓய்வு வேண்டும்

நுழையும்முன்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என வகுத்தது தமிழ் மரபு. அம்மலைகளின் எழிலைக் காண இன்று பல்லாயிரவர் செல்கின்றனர். மலையின்பம் நுகரும் உரிமைக்கு எல்லை உண்டா? அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

வேட்டைக்களம் பூங்காவாதல்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே இரவிகுளம் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பூங்காவில் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி (2,695 மீட்டர்) உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் இப்புல்வெளிகள் தேயிலைத் தோட்டத்தாரின் வேட்டைக்களமாக விளங்கின. வரையாட்டைச் சுடுவது அன்றைய பொழுதுபோக்கு. அதனைக் கண்டு மகிழ்வது இன்றைய பொழுதுபோக்கு. இவ்விடம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

காண்பதற்கும் வரம்பு

பூங்காவின் இராஜமலைப் பகுதிக்கு மட்டுமே பார்வையாளர் செல்லலாம். அங்கும் வகுத்த பாதையிலேயே நடக்க வேண்டும். புல்வெளிகளும் சோலைக்காடுகளும் மழைநீரைத் தேக்கிச் சிறுகச்சிறுக ஓடைகளுக்கு வழங்குகின்றன. பலர் மிதித்த மண் இறுகும். இறுகிய மண்ணில் நீர் எளிதில் இறங்காது. மேலோடும் நீர் மண்ணை அரித்துச் செல்லும். வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா மூடப்படுகிறது. குட்டிகள் இடையூறின்றித் தாயுடன் வளரவே இவ்வேற்பாடு.

மனித உயிரும் காக்கப்பட

வரம்பு விலங்குகளுக்காக மட்டும் அன்று. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோருள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் பற்றும் தீ சரிவில் மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். அவ்வேளையில் தப்பிக்கும் வழி அறிதல் அரிது. அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வகுத்தது. 2024இல் 40 தடங்கள் மலையேற்றத்திற்கு அறிவிக்கப்பட்டன. காடறிந்த பழங்குடியினர் உள்ளிட்டோர் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர்.

நெறியே தீர்வு

எனில், மலைக்குச் செல்வதையே தடைசெய்யலாமா? அது தீர்வாகாது. தாம் அறியாத ஒன்றைக் காக்க மக்கள் எளிதில் முன்வாரார். உரிய பருவத்தில், உரிய பாதையில், உரிய வழிகாட்டியுடன் சென்று, குப்பை இடாது திரும்புவதே நெறி. வாயில் மூடப்பட்டிருக்கும் நாளில் திரும்பிச் செல்பவரும் மலையைக் காப்பவரே.

தெரியுமா?

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. சங்க இலக்கியம் குறிப்பிடும் ‘வருடை’ இதுவே என்பர்.