வீடு கைமாறும்போது வீட்டுக் காவலன்

தோட்டப்புறங்களில் நாய் வளர்ப்பது நம் மக்களிடையே நெடுநாளைய வழக்கமாகும். பால்மரக் காட்டிலிருந்து லயத்தை நோக்கி வரும் பாம்பையும் காட்டுப் பன்றியையும் முதலில் அறிந்து குரல் கொடுத்தது நாயே. பெற்றோர் இருவரும் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்ற பின்னர், உறங்கும் குழந்தைகளுக்குத் துணையாக வாசலில் படுத்திருந்ததும் நாயே.

1980ஆம் ஆண்டுகளுக்குப் பின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நம் மக்களுள் பலர் தாமான்களில் சொந்த வீடு வாங்கிக் குடியேறினர். திருட்டுக்கு அஞ்சி அல்சேஷன், ராட்வைலர், டோபர்மேன் போன்ற பெரிய நாய்களை வளர்ப்போரும் பெருகினர். பிள்ளைகள் நகரத்தில் வேலை பெற்ற பின்னர், அவர்களோடு சேர்ந்து வாழ விரும்பி அவ்வீட்டை விற்க முற்படும் குடும்பங்கள் இன்று பல உள்ளன. அவ்வமயம், பல ஆண்டுகள் வீட்டைக் காத்த நாயே விற்பனைக்குத் தடையாகத் தோன்றுகிறது. வீடு பார்க்க வருவோர் அதன் குரலைக் கேட்டு வாசலோடு திரும்புகின்றனர். வீடு விற்றுப்போன பின்போ, நாய் பழைய தோட்டத்து எல்லையில் இறக்கிவிடப்படுகிறது. இவ்விரண்டு இழப்புகளையும் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது

வீட்டின் விலையை முடிவு செய்யுமுன் நாயின் இடத்தை முடிவு செய்தல் வேண்டும். இதுவே இப்பாடத்தின் அடிப்படை. வீட்டை விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்போர், சாவியை ஒப்படைக்கும் வாரத்தில் வழியின்றித் திகைப்பர்.

விற்பனை ஒரு நாளில் முடிவதன்று. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர், மீதித் தொகையைச் செலுத்த 3 மாதங்களும், வட்டியுடன் மேலும் 1 மாதமும் தவணை அளிப்பது நம் நாட்டில் பெருவழக்கு. குத்தகை நிலத்தில் அமைந்த வீடாயின், மாநில அரசின் இசைவைப் பெறுவதற்கும் காலம் பிடிக்கும். வாங்குவோரைத் தேடும் காலத்தையும் இதனோடு கூட்டினால், பல மாதங்கள் நம் கையில் உள்ளன என்பது விளங்கும். அக்காலத்தை நாம் நாயின் பொருட்டும் பயன்படுத்திக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

போகும் வீடு எத்தகையது என்பதை முதலில் ஆராய வேண்டும். அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்திற் பெறுதல் நலம். பிள்ளையின் வீட்டிற்குச் செல்வதாயின், மருமகனோ மருமகளோ நாய்க்கு அஞ்சுபவரா என்பதையும், கைக்குழந்தை உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

சட்டம் கூறுவது

நாய் வளர்ப்பதற்கு உரிமம் வழங்குவது அந்தந்த நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றமாகும். எனவே ஓர் ஊரில் பெற்ற உரிமம் மற்றோர் ஊருக்குச் செல்லாது. புதிய இடத்தில் மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டும். விதிகளும் ஊருக்கு ஊர் வேறுபடும். பல மன்றங்கள் வரிசை வீட்டில் ஒரு நாயை மட்டுமே அனுமதிக்கின்றன. பங்களா வீடுகளில் அதனினும் கூடுதலாக வளர்க்க இடமுண்டு. இரண்டு பெரிய நாய்களை வைத்திருப்போர் இதனை முன்கூட்டியே கேட்டறிதல் இன்றியமையாதது. பிட்புல், அகிதா, தோசா போன்ற இனங்களைக் கால்நடை மருத்துவச் சேவை இலாகா தடை செய்துள்ளது. ராட்வைலர், டோபர்மேன், அல்சேஷன் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக் மாநிலங்களுக்கு நாயைக் கொண்டு செல்வோர் தனி அனுமதி பெற வேண்டும்.

2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்கின் உணவு, உறைவிடம், உடல்நலம் ஆகியவற்றுக்கு அதன் உரிமையாளரையே பொறுப்பாளி ஆக்குகிறது. விலங்கை வதை செய்வோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. ஆளில்லாத வீட்டில் உணவும் நீருமின்றி நாயைக் கட்டி வைத்துவிட்டுப் போவது சிறு பிழையன்று என்பதை நாம் உணர வேண்டும். மற்றொருபுறம், நம் நாயால் பிறருக்கு ஊறு நேராதவாறு காப்பதும் நம் கடனே. விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பதைத் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 289ஆம் பிரிவு குற்றமெனக் கூறுகிறது.

வீட்டைச் சீர்செய்தல்

நாய் வாழும் வீட்டின் வாடை அவ்வீட்டாருக்குத் தெரியாது. நாள்தோறும் நுகர்ந்து பழகிய மூக்கு அதனை உணர்வதில்லை. வெளியிலிருந்து வரும் நண்பர் ஒருவரை அழைத்து, உள்ளே நடக்கச் செய்து, உள்ளதை உள்ளபடி கூறுமாறு கேட்பதே சிறந்த வழி. சிறுநீர் பட்ட இடங்களை அம்மோனியா கலந்த திரவத்தால் கழுவுதல் கூடாது. அதன் மணம் சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால், நாய் மீண்டும் அதே இடத்தை நாடும். செல்லப்பிராணிகளின் கறையை நீக்குவதற்கென விற்கப்படும் நொதிக் கரைசல்கள் தக்க பயன் தரும்.

உண்ணித் தொல்லையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. நாயின் உடலில் இருப்பவற்றை மட்டும் அழித்தாற் போதாது. சுவர் வெடிப்புகளிலும் கூண்டின் மூலைகளிலும் ஒளிந்திருக்கும் உண்ணிகள் இரத்தம் குடிக்காமலே பல மாதங்கள் உயிர் வாழ வல்லவை. கால்நடை மருத்துவரிடம் நாய்க்குரிய மருந்தைப் பெறுவதோடு, வீட்டிற்கும் மருந்தடித்தல் வேண்டும். குடிவந்த புதியவர் முதல் வாரத்திலேயே சுவரில் உண்ணி ஊர்வதைக் காண நேர்ந்தால், நம்மைப் பற்றி என்ன எண்ணுவார்?

கதவுகளில் நகம் கீறிய தடங்களைத் தேய்த்துச் சாயம் பூசுவதும், தோண்டிய குழிகளை மூடுவதும், தளர்ந்த வேலியை இறுக்குவதும் அதிகச் செலவில்லாத வேலைகளே. நாய் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. வாங்குவோர் கேட்டால் உண்மையைக் கூறுக. ஆயின், வீட்டின் புகைப்படங்களில் நாயும் அதன் கூண்டும் முன்னிற்க வேண்டா.

வீடு பார்க்க வரும் நாள்

வீடு பார்க்க வருவோருக்குக் குறித்த நேரங்களை வகுத்துக்கொள்ளுதல் முதல் ஒழுங்கு. முகவர் மூலம் விற்போர், ஒரு நாளைக்கு முன்னரே அறிவிக்குமாறு அவரிடம் கண்டிப்பாகக் கூறிவிட வேண்டும். வீட்டார் இல்லாத வேளையில், நாய் உள்ளிருக்க, முகவர் தாமே கதவைத் திறந்து ஆட்களை அழைத்து வருவதற்கு ஒருபோதும் இடங்கொடுத்தல் ஆகாது.

அந்நேரத்தில் நாய் வீட்டில் இல்லாதிருப்பதே எல்லாவற்றினும் மேலானது. அது நன்கறிந்த ஒருவர், வருவோர் வருவதற்கு அரைமணி நேரம் முன்னரே அதனைக் கயிற்றிற் பிடித்து வெளியே அழைத்துச் செல்லலாம். அல்லது உறவினர் வீட்டிற் கொண்டு விடலாம். அதற்கு இயலாதபோது, நிழலும் நீரும் உள்ள பின்கட்டில் பூட்டிய கூண்டில் வைக்கலாம். கூண்டிற்குப் பழகாத நாயைத் திடீரென்று அடைத்தால் அது ஓயாமற் குரைக்கும். ஆதலால் இரு வாரங்களுக்கு முன்னரே, முதல் நாள் 5 நிமிடம், பின்னர் 10 நிமிடம் எனச் சிறிது சிறிதாகப் பழக்குக. அடைக்குமுன் நெடுந்தூரம் நடத்திச் சென்று களைப்படையச் செய்வதும், உள்ளே கடிப்பதற்கு ஏதேனும் கொடுப்பதும் பயன் தரும்.

செய்யத் தகாதவை நான்கு. முதலாவது, வாசற்கதவருகே சங்கிலியாற் கட்டுதல். ஓட வழியற்ற நாய், அச்சத்தால் மேலும் சீறும். இரண்டாவது, மூடிய காருக்குள் விட்டுச் செல்லுதல். வெயிலில் நிற்கும் காரினுள் பத்தே நிமிடங்களில் ஏறத்தாழ 10 பாகை வெப்பம் உயரும். அது நாயின் உயிரையே போக்கிவிடக்கூடும். மூன்றாவது, மனிதர் உண்ணும் தூக்க மாத்திரையைக் கொடுத்தல். மிகவும் மிரளும் நாய்க்கு என்ன செய்வதென்று கால்நடை மருத்துவரையே கேட்க வேண்டும். நான்காவது, “ஒன்றும் செய்யாது, உள்ளே வாருங்கள்” என்று விருந்தினரை அழைத்தல். நம்மிடம் குழையும் நாய், அந்நியர் தன் இடத்தினுள் நுழையும்போது என்ன செய்யுமென்று எவராலும் உறுதி கூற இயலாது. தப்பித்தவறிக் கடி நேர்ந்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. 2015இல் வடமாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தோன்றியதை நினைவிற்கொண்டு, நாய்க்குத் தடுப்பூசி போடுவது குறித்தும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

பிறர் உணர்வை மதித்தல்

நம் வீட்டை வாங்க வருபவர் எவ்வினத்தவராகவும் இருக்கலாம். முஸ்லிம் அன்பர்களின் சமய நெறிப்படி, நாயின் எச்சிலும் ஈரமும் பட்ட இடத்தை ஏழு முறை கழுவித் தூய்மை செய்தல் வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவுவர். இதனை அறிந்து நடப்பது நல்லிணக்கத்திற்கு அழகாகும். அஞ்சடியைக் காலையிலேயே கழுவி, அவர்கள் வருமுன் நன்கு உலர விடுக. நாயின் தட்டையும் படுக்கையையும் நடைபாதையிலிருந்து அகற்றுக. வந்தவர்கள் கழற்றி வைத்த காலணிகளை நாய் நக்காதவாறு காத்தல் மிகவும் முக்கியம்.

வீட்டை வாங்கிய பின், அவர்கள் தம் முறைப்படி அதனைத் தூய்மை செய்ய விரும்பினால், நம்மைத் தாழ்வாக எண்ணினர் என்று வருந்துதல் தகாது. புதுமனை புகுமுன் நாமும் மஞ்சள் நீர் தெளித்து வீட்டைத் தூய்மை செய்பவர்கள் அல்லவா?

உடன் கொண்டு செல்ல இயலாதபோது

எவ்வளவு முயன்றும் நாயை உடன் அழைத்துச் செல்ல வழியில்லாமற் போகலாம். அந்நிலையில் அதற்குத் தக்க மனிதரைத் தேடித் தருவது நம் பொறுப்பு. முதிர்ந்த, பெரிய நாயை ஏற்போர் விரைவிற் கிடைப்பதில்லை. விலங்குக் காப்பகங்களும் பெரும்பாலும் நிறைந்தே உள்ளன. ஆகவே வீட்டிற்கு விளம்பரம் செய்யும் நாளிலேயே இத்தேடலையும் தொடங்குக. ஏற்க முன்வருபவரின் வீட்டை நேரிற் கண்டு, வேலியும் இடமும் போதுமா எனப் பாருங்கள். ஒரு வாரம் வைத்துப் பார்க்குமாறு கூறுங்கள். தடுப்பூசி அட்டையையும், அது உண்ணும் உணவின் விவரத்தையும் கொடுங்கள். யாரையேனும் கடித்ததுண்டெனில் அதனையும் மறையாமற் கூறுங்கள்.

பழைய தோட்டத்தில் இறக்கிவிட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்பது வீண் நம்பிக்கை. கையால் உணவு பெற்றுப் பழகிய நாய், தெருநாய்க் கூட்டத்தின் கடிக்கோ, பசிக்கோ, நாய் பிடிப்போரின் கண்ணிக்கோ இரையாகும். பிழைத்தாலும், தோட்டத்தில் இன்னும் வாழும் நம் மக்களின் ஆட்டையும் கோழியையும் வேட்டையாடும். நம் சுமையை ஏழை எளியவர் வாசலில் இறக்கி வைப்பதே அதன் பொருள்.

புதிய மனையில்

உடன் அழைத்துச் சென்ற நாய், முதற் சில வாரங்கள் பழைய இடத்தைத் தேடி ஓட முற்படும். அதுவரை கயிறின்றி வெளியே விடலாகாது. கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண்ணைப் பொறித்து வைக்க வேண்டும். அது படுத்திருந்த பழைய சாக்கையோ போர்வையையோ துவைக்காமற் கொண்டு செல்க. அறிந்த மணம் அதற்கு ஆறுதலளிக்கும். உணவு நேரமும் நடை நேரமும் முன்போலவே இருத்தல் நலம். அண்டை வீட்டாரைக் கண்டு நாயைப் பற்றி முன்னரே சொல்லிவைத்தால், பின்னர் வரும் புகார்கள் குறையும்.

வீட்டார் கூடிப் பேச வேண்டியவை

1. நாம் போகும் இடத்தில் நாய்க்கு அனுமதி உண்டா? யாரிடம் கேட்டறிவது?
2. வீடு பார்க்க வருவோர் உள்ள வேளையில் நாய்க்குப் பொறுப்பேற்பவர் யார்?
3. உரிமமும் தடுப்பூசி அட்டையும் எங்கே உள்ளன?
4. உடன் கொண்டு செல்ல இயலாதாயின், அதனை ஏற்கத் தக்கவர் யார்?

தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு விண்ணுலகம் ஏற மறுத்த தருமரின் கதையை, நம் தோட்டத்துக் கோவில்களில் பாரதம் கேட்டோர் அறிவர். விண்ணுலகமன்று, ஒரு புதிய தாமான் வீடே நமக்கு முன்னுள்ளது. நல்ல விலைக்கு வீட்டை விற்பதும், அதனைக் காத்த உயிருக்கு இடம் தேடித் தருவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்னரே திட்டமிடும் குடும்பத்தால் இரண்டும் கைகூடும்.