எக்ஸ்ரே படத்தில் கண்ணுக்குத் தப்பிய கொரில்லா

மாணவர்களே, கோலா தெர்லாவில் உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் தீராத இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்தது. இரண்டு ஆண்டு கழித்து நுரையீரல் புற்றுநோய் என்கிறார்கள். பழைய படத்தை எடுத்துப் பார்த்தால், அதிலேயே ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. படம் பார்த்த மருத்துவர் குற்றவாளியா?

அவசரப்படாதீர்கள். முதலில் இயற்பியல். எலும்பிலுள்ள கால்சியம் எக்ஸ்ரே கதிர்களை அதிகம் உறிஞ்சும். அதனால் எலும்பு வெள்ளையாகத் தெரியும். காற்று நிறைந்த நுரையீரல் வழியே கதிர்கள் எளிதில் போய்விடும். அந்த இடம் கருப்பு. கட்டி இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆனால், எக்ஸ்ரே என்பது நிழற்படம். விலா எலும்பு, இதயம், கட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இன்றிரவு கைவிளக்கை அடித்து, உள்ளங்கைக்குப் பின்னால் ஒரு ஐந்து சென் நாணயத்தைப் பிடித்துப் பாருங்கள். சுவரில் கையின் நிழல் மட்டும்தான் இருக்கும், நாணயத்தைக் காணோம். எக்ஸ்ரே நிழல் இவ்வளவு அடர்த்தி இல்லை என்றாலும் சிக்கல் இதுதான்.

சிடி ஸ்கேன் உடலைத் துண்டு துண்டாகக் காட்டுவதால் இந்த மறைப்பு குறைகிறது. அப்போதும் கண் ஏமாறும். 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 24 கதிரியக்க நிபுணர்களிடம் நுரையீரல் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு ஸ்கேனில் கொரில்லாப் படம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். சராசரிக் கட்டியைப் போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை! அவர்களில் 12 பேரின் கண் நேராக அதன்மேல் பட்டிருந்ததைக் கண்ணசைவைப் பதியும் கருவி காட்டியது. கட்டியைத் தேடும் மூளை கொரில்லாவைத் தேடவில்லை. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

இனி சட்டம். தாத்தா வழக்குப் போட்டால், புள்ளி இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. இடத்தைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது யாருக்கும் அது பளிச்சென்று தெரியும். திறமையுள்ள வேறு மருத்துவர்கள் அதே நிலையில் எப்படி நடந்திருப்பார்கள் என்பதே கேள்வி. 1957-இல் இங்கிலாந்தில் பிறந்த இந்த அளவுகோல், நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் இன்னும் பொருந்தும் என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2017-இல் உறுதிசெய்தது. ஆனால், அந்த மருத்துவர்களின் கருத்து அறிவுக்குப் பொருந்த வேண்டும். சிகிச்சையின் ஆபத்தை நோயாளிக்குச் சொல்வது வேறு விஷயம்; அதற்கு இந்த அளவுகோல் செல்லாது என்று அதே நீதிமன்றம் 2006-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

இன்னொன்றையும் காட்ட வேண்டும்: அன்றே கண்டிருந்தால் தாத்தாவின் நிலை மாறியிருக்குமா? பல வழக்குகள் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அவர் போனது அரசாங்க மருத்துவமனை என்றால் காலக்கெடுவும் உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறு நடந்ததிலிருந்து 36 மாதங்களுக்குள் வழக்குப் பதிய வேண்டும். நோய் தெரியவே 24 மாதங்கள் போய்விட்டன. படத்தையும் அறிக்கையையும் கேட்டு வாங்கி, சாட்சி சொல்ல ஒரு நிபுணரைத் தேடி, வழக்கறிஞரையும் பிடிக்கத் தாத்தாவின் குடும்பத்துக்கு மிச்சமிருப்பது 12 மாதங்கள்.